புரட்டாசிக் கெண்டை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் இதென்ன சிரிப்பு என்று யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. கை கழுவும் இடம் எங்கள் வாசலில் இருக்கும் சிமெண்ட் தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போக எங்கள் தெருவில் யாராலும் முடியாது.

"இதுக்குள்ளதான் உட்டிருந்தாரா?" என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

"இதே தொட்டிதாங்க. நான் இதுக்குச் சூடமே காட்டியிருக்கேன்" என்றார் எதிர்வீட்டு அக்கா. மறுபடியும் சிரிப்பு.

நான் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு நாளாக அந்தத் தலையாட்டல்தான் அவளுடைய பேச்சு. எனக்கு அப்பா போன துக்கத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அம்மா முன்பொரு முறை இப்படிப் பேச்சை நிறுத்தியவள். எட்டு மாதம் நிறுத்தினாள். அப்போது அதை மீட்டுக் கொண்டுவந்தவர் அப்பா. இந்தத் தொட்டியும் அதற்குள் இருந்த மீனும் அதில் அவருக்குக் கூட்டு. இந்த முறை மீட்பதற்கு அப்பா இல்லையே என்பதுதான் என் பயம்.

அப்பா அரசு பஸ் டிரைவர். தருமபுரியில் கிளம்பி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்த் திரும்பும் வண்டி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் அதே ரோடுதான். காலையில் குளித்து, வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும் கண்ணாடி முன்னால் நின்று நாமம் போட்டுக்கொள்வார். வெள்ளைக் கோடு இரண்டு, நடுவில் சிவப்பு ஒன்று. அதற்குப் பிறகுதான் காக்கிச் சட்டை. 'நாமக்கார டிரைவர் வண்டி' என்றால் அந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். மலைப்பாதையில் முதல் வளைவு வரும்போது வாய்க்குள்ளேயே "கோவிந்தா" என்பார். ஒருநாள் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "டிரைவரே, நீங்க கோவிந்தா சொல்லாம ஓட்டுங்க. பிரேக் புடிக்கலையோன்னு எங்களுக்கு வயித்தக் கலக்குது" என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு மடக்குத் தூண்டில் எப்போதும் இருக்கும். ஒகேனக்கல்லில் வண்டி நிற்கும் முக்கால் மணி நேரத்தில் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், கண்ணயர்வார்கள். அப்பா பாறைகளில் இறங்கி ஆற்றில் தூண்டில் போடுவார். பரிசல்காரர்கள் கடந்து போகும்போது, "என்னாண்ணா, மீனு பஸ் ஏற வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் வந்திருக்காது. மழை பெய்து வழியில் ஏரிகள் நிறைந்துவிட்டால் அப்பாவின் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். "அண்ணே, ரோடு நேராப் போவுது" என்று கண்டக்டர் பின்னாலிருந்து ஞாபகப்படுத்துவார்.

வார ஓய்வு நாளில் எங்கள் ஊர் ஏரி. துணைக்கு அவருடைய சிநேகிதர், கடைத்தெருவில் மெத்தை தைத்து விற்கும் பாய். இருவரும் கரையில் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது. ஒன்றும் பேசாமல் அப்படி என்னதான் சிநேகிதம் என்று நான் கேட்டதற்குப் பாய், "பேசறதுக்குத்தான் வூடு இருக்குதேம்மா" என்றார்.

அது உண்மைதான். எங்கள் வீட்டில் சாயங்காலம் என்றால் பேச்சு. அப்பா கை கால் கழுவி உட்கார்ந்ததும், அன்று பஸ்ஸில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவார். அம்மா ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று போடுவாள். அப்பா சொல்வது பாதி, அம்மா போடுவது பாதி. நான் பன்னிரண்டாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டு வீட்டில் இருந்தவள். "பள்ளிக்கூடம் உன்ன உட்டுருச்சு, சரி. நீ படிப்ப உட்டறாத" என்று, சீட்டுகளில் ஆட்கள் விட்டுப் போன பேப்பர், வாரப் பத்திரிகை எல்லாவற்றையும் அப்பா பொறுக்கிக் கொண்டுவந்து தருவார். முதல் பக்கம் இல்லாத கதைகளையும் கடைசிப் பக்கம் இல்லாத கதைகளையும்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் இருவரும் பேசிக் கேட்டதுதான் எனக்குப் படிப்பு.

தூண்டிலுக்கு மாவு பிசைவதும் அம்மாதான். மைதா, கடலைப் புண்ணாக்கு, ஒரு சிட்டிகை பெருங்காயம். "உங்களுக்குப் போடற சப்பாத்தியவிட மீனுக்குப் பிசைஞ்சதுதான் நல்லா வந்திருக்குது" என்பாள்.

"அதான் அதுங்க தின்னுட்டு ஓடிப் போயிடுதுங்க" என்பார் அப்பா.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. பெருமாள் மாதம். ஆனால் மழை பெய்து ஏரியில் தண்ணீர் வந்து மீன் நன்றாகக் கடிக்கும் மாதமும் அதுதான். அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பிடிப்பார், தின்னமாட்டார். பிடித்ததெல்லாம் பாய் வீட்டுக்குப் போய்விடும். "திங்கறதுக்குத்தான் வெரதம், புடிக்கறதுக்கு என்னா?" என்பது அவர் வாதம். பாய்க்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததில்லை. "பெருமாள் புண்ணியத்துல ஒரு மாசம் நமக்குக் கொழம்பு" என்பார்.

அம்மா பேச்சை நிறுத்திய வருடத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஒரு அக்கா. மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காவும் தங்கையும் தினம் போனில் பேசுவார்கள். அங்கே என்ன குழம்பு, இங்கே என்ன குழம்பு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடும். அந்தத் தை மாதம் பெரியம்மா நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பெரிதாக அழவில்லை. காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், "சாப்பாடு வெச்சிருக்கேன்", "மழ வருது, துணிய எடு" என்ற அளவோடு பேச்சை முடித்துக்கொண்டாள். அப்பா சாயங்காலம் பஸ் கதை சொல்வார். அம்மா கேட்பாள். மேலே ஒன்றும் போடமாட்டாள். பாதியிலேயே அந்தக் கதை விழுந்துவிடும்.

அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். தன் வண்டியிலேயே முன் சீட்டில் உட்கார வைத்து ஒகேனக்கல் கூட்டிப்போனார். அருவியைப் பார்த்துவிட்டு, "தண்ணி நெறைய வருது" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்து அதட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "உடுங்க டிரைவரே. வாய்க்குள்ள இருக்கற பேச்சு எங்கயும் போயிடாது" என்றார் பாய்.

அந்தப் புரட்டாசியில் அப்பா மாதம் முழுக்கச் செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டார். பஸ்ஸும் வெறுங்காலோடுதான் ஓட்டினார். சனிக்கிழமை காலையில், நாமம் போட்ட பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று ஐந்து வீட்டு வாசலில் போய் நின்று அரிசி வாங்கி வருவார். வீட்டில் எவ்வளவு அரிசி இருந்தாலும், அப்படி வாங்கி வந்த அரிசியில்தான் பெருமாளுக்குப் பொங்கி வைத்துத் தளிகை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"என்னாப்பா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டேன்.

"உங்கம்மா என்ன வாய் நெறைய நாலு திட்டுத் திட்டணும்னுதான்" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுபோல இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை. காலையில் தளிகை முடிந்தது. அப்பாவுக்கு ஓய்வு நாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மாவு பிசைந்து தூக்கில் வைத்துக் கொடுத்தாள். பாய் தன் மகள் வீட்டுக்கு வாணியம்பாடி போயிருந்ததால் அப்பா தனியாகத்தான் போனார். மத்தியானம் அவருடைய மொபெட் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பின்னால் ஈரச் சாக்கு ஒன்று கட்டியிருந்தது. அந்தச் சாக்கு துள்ளியது. ஒரு முனையில் முறம் மாதிரி வால் தெரிந்தது.

கெண்டை. வாயோரம் மீசை வைத்த பெரிய கெண்டை. ஏழு கிலோவுக்குக் குறையாது என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் பிடித்ததில் அதற்கு அடுத்த மீன் ஒரு கிலோவைத் தாண்டாது. சாக்கை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அரை மணி நேரம் இழுத்துச்சு கண்ணு. ஒரு தடவ என்னையே தண்ணிக்குள்ள கூப்பிட்டுச்சு."

"இப்ப என்னாப்பா பண்றது? பாயும் ஊர்ல இல்ல."

அங்கேதான் அப்பா அந்தத் தவறைச் செய்தார். மீனை ஏரியிலேயே விட்டிருக்கலாம். வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் மனதில் மாமா உட்கார்ந்திருந்தார். "மச்சா புடிக்கற மீன வறுக்கறதுக்கு எண்ணெ வேணாம், பூதக்கண்ணாடிதான் வேணும்" என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்கிறவர் மாமா. அவர் இதைப் பார்க்கவேண்டும். பார்த்து, தின்னவும் வேண்டும். ஐப்பசி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். அதுவரைக்கும் மீன் உயிரோடு இருந்தால் போதும்.

ஆக, மீன் தொட்டிக்குப் போனது.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருக்கும், மீனுக்கு ஆகாது என்று, தொட்டியைக் காலி செய்து, எதிர்வீட்டு போர்வெல்லிலிருந்து குடம் குடமாக அப்பாவே சுமந்து ஊற்றினார். மீன் எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே பழைய கொசுவலையைக் கட்டினார். அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் அம்மா துணி துவைப்பாள், பாத்திரம் கழுவுவாள். ஊரே கேட்கிற மாதிரி ஒரு சண்டை வரும் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்த்தோம். உண்மையைச் சொன்னால் ஆசையாகத்தான் எதிர்பார்த்தோம். அம்மா வந்தாள், பார்த்தாள், பாத்திரக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

"திட்டலியே" என்றார் அப்பா, என் காதருகில்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா பூப்பறிக்க வந்தவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, புரட்டாசி சனிக்கெழம. பெருமாள் கும்புடற வூடு. அங்க மீனா வந்திருக்குது. இது யாருன்னு உங்களுக்கு வெளங்கலையா?"

"கெண்ட மீனுக்கா" என்றார் அப்பா.

"மச்சாவதாரம்ங்க. மொத அவதாரமே மீனுதான. அதுவும் மீச வெச்சுகினு வந்திருக்குது பாருங்க."

"இல்லக்கா, இது வந்து, ஐப்பசி ஒண்ணாந்தேதி..." என்று ஆரம்பித்த அப்பாவால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதற்குள் அக்கா போய்த் துளசியும் சூடமும் கொண்டுவந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தொட்டிச் சுவரில் யாரோ நாமம் வரைந்துவிட்டார்கள். பொரி வந்தது. மாலை வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தாத்தா, கும்பிட்டுவிட்டு, "வடக்கப் பாத்து நிக்கறாரா, தெக்கப் பாத்தா?" என்று விசாரித்தார். அது சுற்றிச் சுற்றி வருகிறது என்று சொன்னதும், "அப்ப நாலு தெசையும் பாக்கறாரு" என்று திருப்தியாகப் போனார்.

எல்லாரும் போனபின் அப்பா தலையில் கைவைத்து வாசற்படியில் உட்கார்ந்தார். "பெருமாள வூட்டுக்குக் கூட்டியாந்து, கொழம்பு வெக்கறதுக்குத் தேதியும் குறிச்சு வெச்சவன் இந்த ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்றார்.

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலை அடக்கினால் வருமே, அந்த மாதிரி. அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்திருந்தாள். எழுந்து போய்ப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து அம்மாவே பொரி போட ஆரம்பித்தாள். காலையில் வலையை ஒதுக்கி, தொட்டி விளிம்பில் வளையலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இரண்டே நாளில் மீன் அந்தச் சத்தத்துக்கு மேலே வரப் பழகிவிட்டது. தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடும். பார்த்தால் அதுவும் ஏதோ பதில் சொல்வது போலத்தான் இருக்கும்.

நான்காம் நாள் காலையில் அப்பா கண்ணாடி முன்னால் நாமம் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கண்ணாடி இருக்கும் சுவர் மூலையில் திரும்பினால் அந்தப் பக்கம்தான் தொட்டி. அம்மாவின் குரல் கேட்டது.

"எங்கக்காளுக்குக் கொழம்புல தல வேணும். எனக்கு நடுத்துண்டு. அதனால எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டையே வந்ததில்ல தெரியுமா?"

மீனிடம் மீன் குழம்புக் கதை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா சிரிக்கவில்லை. நாமக் குச்சியைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. அம்மா பேசிக்கொண்டே போனாள். அக்காவோடு கிணற்றில் நீச்சல் கற்றது, அக்கா கல்யாணத்தன்று இவள் பஸ்ஸின் பின்னாலேயே ஓடியது. அப்பாவுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. சத்தம் போடாமல் பின்பக்கமாகக் கிளம்பிப் போனார். வெள்ளைக் கோடு மட்டும்தான் நெற்றியில் இருந்தது. "நடுக்கோடு எங்கண்ணே?" என்று அன்று வழி நெடுகக் கேட்டார்களாம்.

அதன்பின் தினம் காலையில் அப்பா கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றார். நாமம் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் அவர் போட்டதில்லை. ஒருநாள் அம்மா பெரியம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். காய்ச்சலுக்கு முந்தின நாள் பெரியம்மா போன் செய்திருக்கிறார். அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்தது. அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எடுக்காமல் விட்டாள். அப்புறம் மறந்துபோனாள். "என்னாத்துக்குக் கூப்பிட்டுச்சோ. என்னா கொழம்புன்னு கேக்கத்தான் கூப்பிட்டிருக்கும்" என்றாள் மீனிடம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அப்பா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

ஐப்பசி ஒன்று வந்தது. மாமாவும் வந்தார். கையில் இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், அரைத்த மிளகாய். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். ஊரிலிருந்து திரும்பியிருந்த பாயும் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஒரு பத்து நாள் ஊர்ல இல்ல. அதுக்குள்ள என்னா வேல பாத்து வெச்சிருக்கீங்க டிரைவரே" என்றார்.

மாமா வலையை விலக்கினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"மச்சா. இது மீனா, கன்னுக்குட்டியா?"

அப்பா இருபது வருடம் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அப்பாவின் முகத்தில் பெருமை ஒன்றையும் காணோம். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனை வெட்டினால் அம்மாவின் பேச்சும் அதோடு போய்விடும். வெட்டாமல் வைத்திருக்கவும் முடியாது. தண்ணீர் பச்சையாகிவிட்டது, சிமெண்டில் உரசி உரசி மீனின் மூக்கு வெளுத்துப் போயிருந்தது. அது தொட்டியில் வாழ்கிற மீன் இல்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "அருவாமனைய எடு" என்றார் அம்மாவிடம்.

"ஒரு நிமிசம் மச்சா" என்றார் அப்பா. "அவ சொல்லட்டும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, அக்கா எனக்குப் போன் பண்ணுச்சு. காச்சலுக்கு மொத நாளு. நான் எடுக்கல. ஒங்கிட்ட சொல்லல, இவர்கிட்டயும் சொல்லல. இதுகிட்டதான் சொல்லியிருக்கேன். இத வெட்டி எனக்கு நடுத்துண்டு வெச்சா நான் எப்படிண்ணா திங்கறது?"

மாமா தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன் அவர் கைக்கு அருகில் வந்து வாயைத் திறந்து மூடியது.

"எனக்கும் பண்ணுச்சு" என்றார். "வயல்ல இருந்தேன். நானும் எடுக்கல."

 அம்மா அவர் பக்கத்தில் விளிம்பில் உட்கார்ந்தாள். பாய் தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, "செரி, அப்ப கொழம்புக்கு என்னா பண்றது?" என்றார்.

"ஒனக்கு எப்பவும் சோறுதான்" என்று அம்மா ஆரம்பித்தாள். "அக்கா இருந்திருந்தா இந்நேரம் கரண்டியாலயே போட்டிருக்கும்." பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்களும் இருக்கறீங்களே. வெரத மாசத்துல மீன் புடிக்கறதே தப்பு. அதத் தொட்டியில உட்டது ரெண்டாவது தப்பு. பன்னெண்டு நாளா நான் பின்னாடி கல்லுல ஒக்காந்து துணி தொவைக்கறேன், ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஊரு சனமே வந்து சூடம் ஏத்துது, இல்லன்னு சொல்ல வாயி இருக்குதா உங்களுக்கு?"

எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஒவ்வொரு விரலாக நீட்டியதை நான் மட்டும் பார்த்தேன். நான்கு விரல்.

மீனை ஏரிக்குக் கொண்டுபோனது ஒரு ஊர்வலம் மாதிரிதான் நடந்தது. பாய் கடையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மைக் கொண்டுவந்தார். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி மாமாவும் அப்பாவும் தள்ளினார்கள். தெரு சனம் பின்னால் "கோவிந்தா, கோவிந்தா" என்று வந்தது. வழியில் ஒருவர், "என்னா சாமி இது, மூடி வெச்சுத் தூக்கினு போறீங்க?" என்று கேட்க, "கொழம்புல இருந்து தப்பிச்ச சாமி" என்றார் பாய். கரையில் டிரம்மைச் சாய்த்ததும் மீன் கொஞ்ச நேரம் ஆழமில்லாத இடத்திலேயே நின்றது. அம்மா வளையலை ஒரு கல்லில் தட்டினாள். அது வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போனது. மாமாவின் சட்டை முழுக்கச் சேறு. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. மாமா மூன்று முறை சோறு வாங்கினார்.

அதற்கப்புறம் அப்பாவுக்கு நிறைய வருடங்கள் கிடைத்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்தார். முழங்கால் வலி வந்தபிறகும் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். மீசை வைத்த கெண்டை எது சிக்கினாலும் முதலில் மூக்கைத் தடவிப் பார்த்து, "நம்ம ஆளு இல்ல" என்று சொன்ன பிறகுதான் கூடையில் போடுவார். புரட்டாசியில் மட்டும் தூண்டிலைத் தொடவே இல்லை. பாய்க்கு அதில்தான் வருத்தம். சாயங்காலம் பஸ் கதைக்குப் பதில் ஏரிக்கரைக் கதை. அம்மா மேலே ஒன்று போடுவது கடைசி வரைக்கும் நிற்கவில்லை. போன ஆடியில் ஒருநாள் காலையில், நாமம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

பதினாறாம் நாளுக்குப் பிறகும் அம்மா பேசவில்லை. "சாப்பிடு", "கதவச் சாத்து". எனக்கு அந்த எட்டு மாதம் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றே தோன்றியது. மாமா வந்தார், பாய் வந்தார். இருவரும் வயதாகிவிட்டவர்கள். தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

புரட்டாசி வந்தது. சாவு விழுந்த வீடு, ஒரு வருடம் பண்டிகை கிடையாது, தளிகை கிடையாது. மூன்றாவது சனிக்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் பெருங்காய வாசனை. எட்டிப் பார்த்தால் அம்மா மைதா பிசைந்துகொண்டிருந்தாள். புண்ணாக்கை எங்கே வாங்கினாள் என்று தெரியவில்லை.

"வண்டிய எடு" என்றாள். "ஏரிக்குப் போலாம்."

"தூண்டில் எடுத்துக்கட்டுமாம்மா?"

"என்னாத்துக்கு? வெரத மாசம்."

அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மடியில் மாவுத் தூக்கு, கையில் அப்பா அரிசி வாங்கப் போகும் பித்தளைச் சொம்பு. ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அம்மா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கையில் இப்போது வளையல் இல்லை. சொம்பை எடுத்துக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். மாவை உருட்டி உருட்டித் தண்ணீரில் போட்டாள். நான் கொஞ்சம் தள்ளி, வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

தூக்கில் மாவு பாதியானது. பிறகு அந்தக் குரல் கேட்டது.

"அவரு போயிட்டாரு. தெரியுமில்ல உனக்கு?" ஓர் உருண்டை தண்ணீரில் விழுந்தது. "அன்னிக்குக் காலையில ரெண்டாவது காப்பி கேட்டாரு. சக்கர வியாதி, குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். குடுத்திருக்கலாம்."

தண்ணீரில் வட்டம் விரிந்து போனது. நான் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"குடுத்திருந்தாலும், இதுல இனிப்பு பத்தல, தண்ணியா இருக்குதுன்னுதான் சொல்லியிருப்பாரு. அந்த மனுசனுக்கு நான் போட்ட காப்பி என்னிக்குப் புடிச்சுது?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தும்மலை அடக்கின மாதிரி இல்லை. நன்றாகச் சத்தம் போட்டு, கரையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

பிறகு திரும்பாமலேயே என்னைக் கூப்பிட்டாள்.

"என்னாடி, அங்க நின்னுகினு ஒட்டுக் கேக்கற? அப்பனும் பொண்ணும் ஒரே மாதிரி. அன்னிக்கு அவரு கண்ணாடி முன்னாடி நின்னுகினு கேட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒரு நாமத்த அரை மணி நேரமாடி போடுவாங்க?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"அவரு கேக்கணும்னுதான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல, அதான். செரி வா, மாவு காயுது. நீயும் நாலு உருண்ட போடு."